அப்பாவோட ஷிஃப்ட்

– கேட்டதுக்கு இன்னும் பதில் வரல சந்திராக்கா. என் பிள்ளைக்கு என்ன குடுத்தீங்க?

– எண்ணெய் தேய்ச்சேன், தண்ணி ஊத்துனேன், துடைச்சேன். எல்லாம் உன் கண்ணு முன்னாடிதானே கிருத்திகா.

– மெதுவா பேசுங்க. உள்ள தருண் தூங்குறார்.

– நீதான் கேக்குறே, நீயே என் வாயையும் மூடுறே.

– நான் வெந்நீர் எடுக்கப் போனேன்ல, அப்ப நாக்குல ஏதாச்சும் தடவுனீங்களா? வசம்பு, தேன், வேற எதாவது? கோவிச்சுக்க மாட்டேன்க்கா. டாக்டர்கிட்ட சொல்லணும், அதுக்குத்தான்.

– இந்தா என் பை. நீயே கொட்டிப் பாரு.

– ஐயோ, நான் அப்படிச் சொல்லல.

– சொல்லாமலே சொல்லிட்டியேம்மா. பாரு, நல்லாப் பாரு. பஸ்ஸுல ஓசி டிக்கெட்டுக்குக் காட்டுற ஆதார் கார்டு. என் பிரஷர் மாத்திரை. பாக்குப் பொட்டலம். இந்த ஸ்ரீராம்புரத்துல நான் குளிப்பாட்டுன பிள்ளைங்க இப்ப எனக்கே பைக்குல லிஃப்ட் குடுக்குது. சும்னே வீணா என் மேல பழி போடாதே.

– அப்ப ஏன்க்கா இப்படி? நீங்க வர ஆரம்பிச்சு மூணு வாரம். மூணு வாரமாத்தான் இப்படி இருக்கான். பகல் பூரா அடிச்சுப் போட்ட மாதிரி கெடக்குறான். பாலுக்கு எழுப்ப உள்ளங்கால தேய்க்க வேண்டியிருக்கு. ராத்திரி ஆச்சுன்னா கண்ணு ரெண்டும் பளிச்சுன்னு ஆயிடுது.

– அதுக்கு நான் என்ன பண்ணுவேன்?

– நேத்து சோபால உக்காந்து பால் குடுத்துக்கிட்டே தூங்கிட்டேன். முழிச்சப்ப இவன் மடியிலருந்து பாதி நழுவிட்டான். தலை வெளிய தொங்குது. இன்னும் ஒரு நிமிஷம் தூங்கியிருந்தா கீழ விழுந்திருப்பான்.

– அம்மம்மா. வீட்டுக்காரருக்குத் தெரியுமா?

– சொல்லல. சாயங்காலம் குடியாத்தத்துக்கு, எங்க அம்மா வீட்டுக்கு பஸ் புக் பண்ணியிருக்கேன். அதையும் சொல்லல. இன்னொரு ராத்திரி என்னால முடியாதுக்கா.

– சரி, நான் ஒண்ணு கேக்குறேன். இப்ப மணி என்ன?

– பதினொண்ணு.

– பகல் பதினொண்ணு. உன் மூஞ்சியே எனக்குச் சரியாத் தெரியல. ஜன்னல் ஸ்கிரீன ஏன் இப்படி இழுத்து மூடி வச்சிருக்கே?

– அவருக்கு நைட் ஷிஃப்ட்க்கா, வீட்லருந்தே. அமெரிக்காக்காரங்களோட ஃபோன் கால். காலைல ஆறு மணிக்குத்தான் படுப்பார். அதனால பகல்ல வெளிச்சம் கூடாது, சத்தம் கூடாது. குக்கர் கூட வைக்கறதில்ல, சோறு வடிச்சுடறேன். காலிங் பெல்லக் கூட கழட்டியாச்சு.

– ராத்திரி?

– எல்லா லைட்டும் எரியும். ஹெட்ஃபோன காதுல மாட்டிக்கிட்டு ஹால்ல நடந்துக்கிட்டே இருப்பார். இவனையும் தோள்ல போட்டுக்கிட்டு ஏதாவது பேசிக்கிட்டே இருப்பார். நீ படு, ஃபோன்ல நான் சும்மா கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்னு சொல்வார். இவன் பாலுக்கு அழுவான், நான் எங்க படுக்கறது?

– பிள்ளை தோள்ல என்ன பண்ணும்?

– அவர் மூஞ்சியையே பாத்துக்கிட்டிருக்கும்.

– உன் அம்மா இங்க இருந்தப்பவும் இப்படித்தானா?

– இல்ல. அப்ப அவர் பெட்ரூம் கதவச் சாத்திக்கிட்டு தஸ்ஸு புஸ்ஸுன்னு இங்கிலீஷ்ல கத்துவார். உள்ள யாரையும் விடமாட்டார். நானும் அம்மாவும் ஹால்ல லைட்ட அணைச்சுட்டுப் படுத்துக்குவோம். மூணு வாரம் முன்னாடி அப்பாவுக்குக் கண் ஆபரேஷன்னு அம்மா ஊருக்குக் கிளம்புனாங்க, அப்புறந்தான் எல்லாம் மாறுச்சு.

– ஆய்த்து, புரிஞ்சுபோச்சு. உன் பிள்ளை தூங்காம இல்லம்மா. ஒழுங்காத்தான் தூங்குது, அப்பாவோட ஷிஃப்ட்ல.

– என்னக்கா சொல்றீங்க?

– இருட்டும் அமைதியும் எப்ப? பகல்ல. வெளிச்சமும் பேச்சும் தோளும் எப்ப? ராத்திரி. பிறந்த பிள்ளைக்கு எது ராவு எது பகல்னு நாமதான் காட்டணும். நீங்க ரெண்டு பேரும் தலைகீழாக் காட்டிட்டீங்க.

– நான் உங்களப் போய்...

– அத விடு. பகல்ல ஸ்கிரீன தள்ளி வை. குக்கர் விசிலடிக்கட்டும். நேரத்துக்கு எழுப்பிப் பால் குடு, மூஞ்சியப் பாத்துப் பேசு. ராத்திரி சின்ன லைட்டு. பால் குடுத்ததும் பேச்சு கீச்சு இல்லாம அது இடத்துல மல்லாக்கப் படுக்க வச்சிடு. ஒரு நாள்ல மாறாது, பத்து பதினஞ்சு நாள் ஆகும்.

– அவர் நைட்ல நடந்துக்கிட்டிருந்தா எப்படிக்கா மாறும்?

– பகல் ஷிஃப்ட் கேக்கச் சொல்லு. கைக்குழந்தைன்னு சொன்னா அந்த மேனேஜரும் மனுசன்தானே.

– பத்து தடவை சொல்லிட்டேன். கேக்குறேன் கேக்குறேன்னு சொல்றார், கேக்கவே மாட்டேங்கறார். ஸ்கிரீன நீங்களே தள்ளுங்க. இவன் என் மடியில இருக்கான்.

– இந்தா, தள்ளிட்டேன். நோடு, இங்க பாரு, உன் பிள்ளை கண்ணச் சுருக்குது.

– தருண்? உன்ன எழுப்பிட்டோமா?

– நான் தூங்கல கிருத்தி.

– கதவுகிட்ட எவ்வளவு நேரமா நிக்கறே?

– சோபால இவன் நழுவுனான்னு சொன்னியே. அப்பருந்து.

– அப்ப நல்லதாப் போச்சு. இப்பவே உன் மேனேஜருக்கு ஃபோன் போடு. பகல் ஷிஃப்ட் இல்லேன்னா நானும் இவனும் சாயங்காலம் பஸ் ஏறிடுவோம்.

– போடறதுக்கு மேனேஜர் இல்ல கிருத்தி. வேலை போயி மூணு வாரம் ஆச்சு. ராத்திரியெல்லாம் நான் பேசிக்கிட்டிருந்தது இவன்கிட்ட மட்டும்தான்.