பத்திரத்தை மீறினா எந்தக் கோர்ட்டு

கோர்ட்டுல சொல்ல வேண்டியதுதானேன்னு சுலுவா கேட்டுட்டீங்க தம்பி. எந்தக் கோர்ட்டுல? சொல்லுங்க பாப்போம். தெரியலல்ல? கோர்ட்டுக்காரங்களுக்கே தெரியல.

இளஞ்செழியன்னு என் கொழுந்தன். மேல்வயல் அவனுது. அவன் மடையைத் தாண்டித்தான் எங்களுக்குத் தண்ணி வரணும். ஒரு நாள் அவன் முறை, மறுநாள் எங்க முறை, என் மாமனார் பிரிச்சுக் குடுத்தது. எங்க முறையில மடையை அடைச்சான். ஏன்டான்னு கேட்ட எங்க வீட்டுக்காரரு கைய உடைச்சுட்டான். ஆமா, கூடப் பொறந்த அண்ணன் கையத்தான்.

கீழ்க்கோர்ட்டு ஜெயிலுன்னுச்சு. அப்பீலு போனான். மேல்கோர்ட்டு, மொதத் தப்புதானே, ரெண்டு வருசம் ஒழுங்கா இருக்கணும், அவங்க முறையில மடையைத் தொடக்கூடாது, கீழ்க்கோர்ட்டுல நன்னடத்தைப் பத்திரம் எழுதிக் குடுன்னு விட்டுருச்சு. எழுதிக் குடுத்தான் மவராசன். அந்த வாரமே மண்ணு மூட்டையப் போட்டு அடைச்சான்.

ஸ்டேஷனா? கோர்ட்டு உத்தரவும்மா, அங்க போய்ச் சொல்லுன்னாங்க. கீழ்க்கோர்ட்டு குமாஸ்தா மூஞ்சியக்கூட நிமித்தல. உத்தரவு போட்டது மேல, அங்க போங்கறான். மேல போனா, பத்திரம் கெடக்குறது கீழ, அங்க போங்கறான். வக்கீலு, ரெண்டுலயும் போடலாம்மாங்கறாரு. போடுங்க சாமின்னா, எதுல மொதல்ல போடறதுன்னு யோசிக்கிறாராம். த்தூ! மடையில நின்னுக்கிட்டு யாரு முறைன்னு தெரியலங்கறவன நாங்க வாய்க்கால் பக்கமே சேக்க மாட்டோம். இவங்களுக்கு மேசை, நாக்காலி, மேல ஃபேனு வேற.

சம்பா கதிர் வாங்குற நேரம் தம்பி. இப்பத் தண்ணி இல்லன்னா அத்தனையும் பதருதான். வயலு வெடிச்சுக் கெடந்துச்சு.

இப்பவா? கோர்ட்டுக்குத்தான் போறேன். இல்லல்ல, இதுல கொழப்பமே கெடையாது. நேத்து மூட்டைய நானே பொரட்டித் தள்ளிட்டேன். தடுக்க வந்தான். மம்பட்டியத் திருப்பிக் காலுல ஒண்ணு போட்டேன், ஆஸ்பத்திரியில கெடக்கான். இதுக்கு எந்தக் கோர்ட்டுங்கன்னு கேட்டேன், எஸ்ஐ பட்டுன்னு சொல்லிட்டாரு. கை உடைஞ்ச என் புருசனுக்கு இத்தன மாசமா கெடைக்காத பதிலு! பஸ்ஸு ஜன்னலோரம் தூங்குதே இந்தப் பொண்ணு, போலீசுதான். என்னைக் கூட்டிட்டுப் போவுது.

தண்ணியா? பாஞ்சுக்கிட்டிருக்கு தம்பி.