நீல நாரையில் ஒலிக்காத மணி

மாட்டிறைச்சியை மாவுக்குள் வைத்துச் சுட்ட ஸ்டீக் பை இது, சூடாக நேரம் பிடிக்கும், மிஸ்டர் கிராட்டன். அவசரப்பட்டு எடுத்தால் மேலே பொன்னிறமாகவும் நடுவே சில்லென்றும் இருக்கும், உங்கள் அமைச்சரவை மாதிரி. உட்காருங்கள். கேட்க வந்ததையெல்லாம் நானே சொல்லிவிடுகிறேன்.

நீங்கள் ஆளுங்கட்சியின் கொறடா. ஓட்டெடுப்பு என்றால் உங்கள் ஆட்களைச் சபைக்குள் ஓட்டிக்கொண்டு போவது உங்கள் வேலை. இந்த டோரீன் பெக்கின் ‘நீல நாரை’ மதுக்கடையில் உட்கார்ந்தவர்கள் மட்டும் ஏன் போய்ச் சேருவதில்லை என்று விசாரிக்க வந்திருக்கிறீர்கள். போலீஸ் இல்லாமல், யாரிடமும் சொல்லாமல் வந்தது நல்லது. விஷயம் பத்திரிகைக்குப் போனால் நம் இருவருக்குமே அழகில்லை.

உங்கள் தலைக்கு மேலே இருக்கும் மரப்பெட்டிக்குள்தான் மணி. நாடாளுமன்றத்தில் ஓட்டெடுப்பு என்று அறிவித்ததும் சுற்றுவட்டாரத்துப் பழைய மதுக்கடைகளிலும் மணி அடிக்கும். அடித்து எட்டு நிமிடத்தில் அங்கே கதவைச் சாத்திவிடுவார்கள். அதற்குப் பிறகு பிரதமரே வந்து தட்டினாலும் திறக்க மாட்டார்கள். இந்த நிலவறையிலோ கைபேசி வேலை செய்யாது. அமைச்சர்கள் இங்கே வருவதே அதற்காகத்தான். மனைவி கூப்பிட முடியாது, நிருபர் கூப்பிட முடியாது, மணி மட்டும் கூப்பிடும்.

அந்த மணியின் வாயை அடைத்தது நான்தான். இதோ, அடைத்த பொருளை மேசைமேல் வைக்கிறேன். சாம்பல் நிறக் கம்பளிக் காலுறை. தொட்டுப் பார்க்கலாம், துவைத்ததுதான்.

இது வில்ஃப் டிரான்டருடையது. ஓய்வுபெற்ற தபால்காரர், என் கடைக்குத் தினமும் வருகிறவர். வாழ்நாளெல்லாம் ஊருக்காக நடந்த மனிதருக்கு இடுப்பு மூட்டு தேய்ந்துவிட்டது. அறுவை சிகிச்சைக்குப் பெயர் கொடுத்துவிட்டுக் காத்திருந்தார். அவர் காத்திருந்த காலத்தில் அமைச்சர்கள் வந்தார்கள், போனார்கள். பெயரை மனப்பாடம் செய்வதற்குள் ஆள் மாறிவிடுவார். மேலே என் வாடிக்கையாளர்கள் பெயரை விட்டுவிட்டு, என்ன குடிக்கிறார் என்பதை வைத்தே அடையாளம் சொன்னார்கள். ஜின் போய் ஷெர்ரி வந்தது, ஷெர்ரி போய் வெறும் சோடா வந்தது. யார் வந்தும் ரயிலும் நேரத்துக்கு வரவில்லை, டாக்டரும் வரவில்லை.

ஒரு நாள் நல்ல மழை. வில்ஃபின் நனைந்த காலுறைகளை வாங்கி, இந்தப் பெட்டிக்குக் கீழே ஓடும் வெந்நீர்க் குழாயில் காயப்போட்டிருந்தேன். சுகாதார அமைச்சர் ஆம்ப்ளெத் நீங்கள் இருக்கும் அதே நாற்காலியில் இருந்தார். வில்ஃப் ஒவ்வொரு படியாகப் பிடித்துக்கொண்டு, வெறுங்காலோடு இறங்கி வந்தார்.

"ஐயா, என் இடுப்புக்கு எப்பங்க முறை வரும்?"

"உங்க வலி எங்களுக்குப் புரியுது பெரியவரே. நடந்ததுல இருந்து பாடம் கத்துக்கிட்டு வர்றோம்."

"நீங்க கத்துக்கிட்டே இருக்கீங்க. பரீட்சை எப்ப எழுதுவீங்க?"

அமைச்சர் சிரித்தார். வில்ஃப் படியேறி முடிக்கும் முன்பே என் பக்கம் திரும்பினார்.

"டோரீன், கண்டவங்கள எல்லாம் கீழ விடாதம்மா. சாப்பிடுற நேரம்."

எனக்கு உள்ளே கொதித்தது. ஆனால் நான் கத்துகிற ஆள் இல்லை. ஈரக் காலுறையை எடுத்தேன், பெட்டியைத் திறந்து மணிக்கும் சுத்தியலுக்கும் நடுவில் திணித்தேன். நான் தூசி தட்டுவதாக அமைச்சர் நினைத்துக்கொண்டார். பிறகு மணி அடித்தது, அடித்தது என்பதைவிடத் தொண்டையைச் செருமியது என்று சொல்லலாம். நான் அவருக்கு இன்னும் கொஞ்சம் குழம்பு ஊற்றினேன். அவர் போய்ச் சேராததால், அவருடைய மசோதா ஒரே ஓட்டில் தோற்றது. மறுநாள் மத்தியானம் அவர் ராஜினாமா செய்தார்.

மேலே கடையே கொண்டாடியது. "நம்ம வேண்டுதல் பலிச்சிருச்சு டோரீன்" என்றார் வில்ஃப். அந்த முகத்தைப் பார்த்த பிறகு எப்படி நிறுத்துவது? போக்குவரத்து அமைச்சரையும் அதே வழியில் வீட்டுக்கு அனுப்பினேன். வீட்டுவசதி அமைச்சரை அனுப்பினேன், அவர் பாவம், ரொம்ப மரியாதையானவர், ஆனால் கை பழகிவிட்டது. அதில் ஒரு பிரதமரும் சேர்ந்து விழுந்தார். அவர் என் கடைக்கு வந்ததே இல்லை, அது தற்செயல்.

அந்த முதல் மசோதாவில் என்ன இருந்தது என்று கேட்பீர்கள். நான் படிக்கவில்லை. அமைச்சரும் படிக்கவில்லை என்று பிறகு அவரே சொன்னார். புதிய அறுவை சிகிச்சைக் கூடங்கள் இருந்ததாம். காத்திருப்பவர்களில் வயதானவர்களை முதலில் கூப்பிடுவதாக இருந்ததாம். மசோதா போனதும் அதுவும் போயிற்று. வில்ஃப் தொடர்ந்து காத்திருந்தார். பிப்ரவரியில், வீட்டுப் படியில் கால் இடறி விழுந்து, காத்திருப்பதை ஒரேயடியாக நிறுத்திக்கொண்டார்.

அழுதேன், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அதற்கு நான் பொறுப்பு என்று யாரும் சொல்ல முடியாது. அது நடைமுறைக் கோளாறு. முந்தைய ஆட்சி விட்டுப்போன பிரச்சினை. முறையான விசாரணை நடத்தினால் என்மேல் தவறில்லை என்றுதான் வரும். நானே நடத்திப் பார்த்துவிட்டேன். வில்ஃபுக்காகத்தான் எல்லாம் செய்தேன், நடந்ததிலிருந்து பாடமும் கற்றுக்கொண்டேன்.

பை ஆகிவிட்டது. தட்டு சூடாக இருக்கும், பார்த்து.

இன்றைக்கு நம்பிக்கை ஓட்டெடுப்பு, ஆட்சி ஒற்றை ஓட்டில் நிற்கிறது, அந்த ஓட்டு உங்களுடையது. பேசப்போகிறவர்கள் நிறையப் பேர், பத்து மணிக்கு முன்னால் ஓட்டெடுப்பு வராது என்றீர்கள். நீங்கள் வந்ததும், இந்தப் பையைச் சூடாக்க எடுத்து வர மேலே போனேனே, அப்போது வானொலி ஓடிக்கொண்டிருந்தது. எதிர்க்கட்சிக்காரர்கள் யாரும் பேசவில்லையாம். பெயரைக் கூப்பிடக் கூப்பிட, எழுந்திருக்காமலே உட்கார்ந்திருந்தார்களாம். விவாதம் சீக்கிரமே முடிந்துவிட்டது. அதற்குப் பிறகுதான் நான் உங்களுக்குப் பிப்ரவரி வரைக்கும் எல்லாவற்றையும் சொன்னேன், கொஞ்சம் நிதானமாகவே சொன்னேன்.

எதற்கு எழுந்திருக்கிறீர்கள்? இதற்குள் அங்கே சபைக் கதவைச் சாத்தியிருப்பார்கள். பெட்டியை அப்படிப் பார்க்காதீர்கள், மணி நன்றாகத்தான் இருக்கிறது. காலுறை மேசைமேல் இருக்கிறது என்றுதானே நிம்மதியாக உட்கார்ந்தீர்கள்?

வில்ஃபுக்குக் கால் இரண்டு, மிஸ்டர் கிராட்டன்.