சொன்ன சொல் தட்டாத பிள்ளை

மாலை ஆறரை மணி. கடைத்தெருவிலிருந்து வீட்டுக்குப் போகிற குறுக்குப் பாதை. ஒரு பக்கம் எப்போதோ மூடிப்போன மில்லின் மதில். இன்னொரு பக்கம் கல் வெட்டி எடுத்துவிட்டு அப்படியே விட்ட பெரிய பள்ளம், நிறையத் தண்ணீர். அன்றைக்கு ஈ காக்கை இல்லை...

செல்போன் வெளிச்சத்தை அணையுங்கள். கரண்ட் வரும்போது வரட்டும். சிரிக்கிறவன் இப்போதே மொட்டை மாடியை விட்டுக் கீழே போய்ப் படுத்துக்கொள்ளலாம், நான் கோபித்துக்கொள்ள மாட்டேன். இது நான் பார்த்தது இல்லை. என்னோடு வேலை பார்க்கிற டப்பாவின் சொந்த அக்காவுக்கு நடந்தது. ஓயாமல் கடகடவென்று பேசுவதால் அவனுக்கு அந்தப் பெயர். ஆனால் இதை மட்டும் அவன் நிறுத்தி நிறுத்தித்தான் சொன்னான்.

அக்கா தனியாக நடந்து வந்தாள். தலையில் உயரமான கொண்டை. அழகு நிலையத்தில் அப்போதுதான் போட்டது. ஆட்டோவில் ஏறினால் கூரை இடித்துக் கலைந்துவிடும் என்று நடந்தாள். உடம்பில் அம்மாவின் பழைய சேலை. நீலத்தில் வெள்ளைப் புள்ளி. அம்மா கல்யாணமான புதிதில் கட்டியது.

பாதி வழியில் பின்னால் சத்தம்.

சளப்... சளப்... சளப்...

நனைந்த ரப்பர் செருப்போடு யாரோ நடந்து வருகிற சத்தம். சின்னக் கால்கள். அக்கா நின்றாள். அதுவும் நின்றது. திரும்பிப் பார்த்தாள். யாரும் இல்லை. பாசி வாடை மட்டும் அடித்தது. அதற்குள்ளே இன்னொரு வாசனை... புதிதாகச் சீவின பென்சில் வாசனை.

வேகமாக நடந்தாள். முந்தானை எதிலோ மாட்டியது. முள்ளாக இருக்கும் என்று பார்க்காமலே இழுத்தாள். வந்துவிட்டது. அந்த மதில் ஓரத்தில் முள்செடியே கிடையாது என்பது வீட்டு கேட்டைத் திறக்கும்போதுதான் அவளுக்கு உறைத்தது.

அன்றைக்கு அவர்கள் அம்மாவுக்கு அறுபதாவது பிறந்தநாள். அப்பா போய்ச் சேர்ந்து சில வருஷம் ஆகிவிட்டது. அதற்கப்புறம் அம்மா வாய்விட்டுச் சிரித்ததே இல்லை. ஓட்டல் எல்லாம் வேண்டாம், வீட்டிலேயே செய்வோம், ஆனால் கூடம் அம்மாவின் இளமைக் காலத்தில் இருந்த மாதிரியே இருக்க வேண்டும் என்று அக்காதான் யோசனை சொன்னாள். அம்மாவுக்குத் தெரியாமல் எல்லா ஏற்பாடும் நடந்தது. அவரை அவருடைய தம்பி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

அக்காவுக்குத் துணிக்கடையில் வேலை. கண்ணாடிக்குப் பின்னால் நிற்கிற பொம்மைகளுக்குச் சேலை கட்டிவிடுவது அவள்தான். ஒரு மடிப்பு கூடாது, ஒரு மடிப்பு குறையாது. அவள் கட்டிவிட்ட பொம்மையிடம் விலை கேட்டவர்கள் உண்டு. அந்தக் கைதான் வினையாகப் போயிற்று.

அதே கூடத்தில் அம்மா நிற்கிற ஒரு பழைய போட்டோவைப் பார்த்து அப்படியே செய்தாள். பரணில் கிடந்த பச்சை ரெக்ஸின் சோபா இறங்கியது. சுழற்றுகிற டெலிபோன், மரப்பெட்டி ரேடியோ, கதவில் பாசிமணித் திரை. போட்டோவில் இருந்தது போலவே சோபாவுக்குப் பக்கத்தில் ஒரு குட்டி முக்காலி. கடைசியாகத் தன்னையும் அம்மாவாக ஆக்கிக்கொண்டாள். தாயைப் போல பிள்ளை என்பார்களே, இங்கே சொல்லவே வேண்டாம், அச்சு அசல்.

விருந்தாளிகளும் பழைய பாணி உடையில்தான் வர வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். பக்கத்து வீட்டு மீசைக்காரர் கீழே யானைக்காது போல விரிகிற பேண்ட் போட்டுக்கொண்டு வந்தார். உட்கார்ந்ததும் தையல் விட்டுப் போயிற்று. அதற்கப்புறம் மனிதர் எழுந்திருக்கவே இல்லை. எல்லாருக்கும் சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது.

ஒன்று சொல்லிவிடுகிறேன். அந்த வீட்டில் அக்காவுக்கு முன்னால் ஒரு பையன் இருந்தான். ஆறு வயதில் அந்தப் பள்ளத்துத் தண்ணீரில் போய்விட்டான். அக்காவும் டப்பாவும் அதற்கப்புறம் பிறந்தவர்கள். அண்ணன் ஒருத்தன் இருந்தான் என்று தெரியும், அவ்வளவுதான். வீட்டில் அவன் படம் கிடையாது. பேச்சும் கிடையாது.

மாமா காரில் அம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்து சேர்ந்தார். விளக்கைப் போட்டார்கள். எல்லாரும் கை தட்டினார்கள். அம்மா வாசற்படியிலேயே நின்றுவிட்டார். சோபாவைப் பார்த்தார், ரேடியோவைப் பார்த்தார். முகம் பூரித்துப் போயிற்று. "அடிப் பாவிகளா..." என்று சிரித்தார். அப்புறம் அவர் பார்வை அக்காவிடம் வந்தது. அக்காவின் முகத்திலிருந்து கீழே... இடுப்புக்குக் கீழே இறங்கியது. சிரிப்பு நின்றுபோயிற்று.

டப்பாவும் பார்த்தான். அக்காவின் முந்தானை நுனி தொங்கவில்லை. பக்கவாட்டில் இழுபட்டு விறைப்பாக நின்றது. அவள் முழங்காலுக்குக் கொஞ்சம் மேலே. நுனியில் துணி கசங்கிச் சுருண்டிருந்தது, சின்னக் கை ஒன்று இறுக்கிப் பிடித்திருக்கிற மாதிரி.

"அம்மா, கேக் வெட்டலாம் வாங்க" என்று யாரோ கூப்பிட்டார்கள். அம்மா மந்திரித்து விட்டவர் மாதிரி நடந்து வந்தார். மெழுகுவத்தி ஏற்றினார்கள். வாழ்த்துப் பாட்டு முடிந்தது. ஊதுவதற்காக அம்மா குனிந்தார். ஒரு நொடி சத்தம் இல்லை.

அந்த ஒரு நொடியில் ஒரு குழந்தைக் குரல்.

"அம்மா... இந்தப் பாட்டி யாரு?"

கூடமே கொல்லென்று சிரித்தது. "யார் வீட்டு வாலுடா இது?" என்றார் மீசைக்காரர். பிறகு சுற்றும் முற்றும் பார்த்தார். மற்றவர்களும் பார்த்தார்கள். அன்றைக்கு யாருமே குழந்தையைக் கூட்டிவரவில்லை. சிரிப்பு ஒவ்வொருவரிடமாக நின்றது... பாசி வாடை கேக் வாசனையை அமுக்கிக்கொண்டு எழுந்தது.

அம்மா தரையில் மண்டியிட்டார். யாரும் இல்லாத இடத்தைப் பார்த்துக் கையை நீட்டினார்.

"கண்ணு... நான்தான்டா அம்மா. என்னைப் பாருடா."

முந்தானை சட்டென்று அக்காவின் முதுகுப் பக்கம் ஓடியது. பிள்ளைகள் புது ஆளைக் கண்டால் ஒளிந்துகொள்ளுமே, அப்படி.

கூட்டம் கலைந்தது. "அடுப்புல குக்கர வெச்சிட்டு வந்துட்டேன்" என்றார் ஒருவர். அவர் வாழ்நாளெல்லாம் மெஸ்ஸில் சாப்பிடுகிறவர். மீசைக்காரர் பேண்ட் கிழிந்ததையே மறந்து ஓடினார். மாமா போய்க் காருக்குள் உட்கார்ந்து கண்ணாடியை ஏற்றிக்கொண்டார். கூடத்தில் அம்மா, அக்கா, டப்பா. அப்புறம் அவன்.

"அந்தச் சேலைய அவுத்துக் குடுடி" என்றார் அம்மா.

அக்கா உள்ளே போய் மாற்றிக்கொண்டு வந்தாள். அம்மா அதைக் கட்டிக்கொண்டார். அவசரத்தில் மடிப்பு நிற்கவில்லை. நரைத்த முடியைத் தூக்கிக் கொண்டை போட்டுக்கொண்டார். சோபாவில் வந்து உட்கார்ந்து, "இப்ப பாருடா... இப்பவாவது தெரியுதா?" என்றார்.

பிறகு விசும்பல்.

"பாட்டி எங்கம்மா சேலைய எடுத்துக்கிட்டாங்க..."

சளப் சளப் என்று அந்தச் செருப்புச் சத்தம் ஓட ஆரம்பித்தது. சமையலறைக்குப் போயிற்று. படுக்கையறைக்குப் போயிற்று. பாசிமணித் திரை கலகலவென்று விலகி விழுந்தது. "அம்மா... அம்மா..." ஒவ்வொரு அறையாகத் தேடுகிறான். பெற்றவள் நடுக்கூடத்தில் உட்கார்ந்திருக்கிறாள். டப்பா என்னிடம் இந்த இடத்தைச் சொல்லும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

அம்மா எழுந்தார். சேலையை அவரே உருவி அக்கா கையில் வைத்தார்.

"கட்டிக்கோடி. புள்ள தேடுது."

அக்கா கட்டிக்கொண்டாள். ஓட்டம் நின்றது. முந்தானை மறுபடி விறைத்தது. அம்மா சுவரோடு சாய்ந்து தரையில் உட்கார்ந்து, யாரையும் பார்க்காமல் சொன்னார்.

"அன்னிக்கு ரேஷன் அரிசியப் போட்டுப் பொடைச்சிட்டு இருந்தேன். வாசல்ல நின்னுக்கிட்டு, வெளையாடப் போறேம்மா, போறேம்மான்னு நச்சரிச்சான். எரிச்சல்ல போய்த் தொலைன்னுட்டேன்... எல்லாத் தாயும் சொல்றதுதான். ஆனா இவன் சொன்ன சொல் தட்டாத புள்ளடி."

அம்மா மூக்கைச் சிந்திக்கொண்டு, "நீ சொல்லுடி" என்றார்.

"என்னம்மா சொல்லணும்?"

"நான் சொல்லியிருக்க வேண்டியத. போயிட்டு வா கண்ணுன்னு சொல்லு. எவ்வளவு வருஷமா அந்த வார்த்த தொண்டையில நிக்குது தெரியுமா? நான் சொன்னா அவனுக்கு ஏறாது. நீதான் அவனுக்கு அம்மா."

அக்கா தயங்கினாள். "அம்மா... அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம்னு யோசிச்சியா?"

"யோசிச்சேன். சொல்லு."

அக்கா குனிந்தாள். ஈரமான ஏதோ அவள் விரலைத் தொட்டது. குளிர்ந்து விறைத்த சின்ன விரல்கள்.

"பத்திரமா போயிட்டு வா, கண்ணு."

"சரிம்மா. போயிட்டு வரேன்."

முந்தானை தொய்ந்து விழுந்தது. செருப்புச் சத்தம் வாசலைத் தாண்டியது, கேட்டைத் தாண்டியது, குறுக்குப் பாதைப் பக்கம் தேய்ந்து போயிற்று. அம்மா முகத்தை மூடிக்கொண்டு அழுதார். எத்தனையோ வருஷத்துப் பாரம் இறங்கின அழுகை. இனி நிம்மதி என்றுதான் டப்பா நினைத்தான்.

மறுநாள் சோபா பரணேறியது. டெலிபோனும் ரேடியோவும் வாடகைக் கடைக்குத் திரும்பின. முக்காலி மட்டும் வீட்டுடையது, அது ஒரு மூலையில் கிடந்தது. சாயங்காலம் விளக்கு வைக்கிற நேரம். கேட் கிரீச்சென்றது.

சளப்... சளப்...

வேறென்ன? வரேன் என்று சொல்லிவிட்டுப் போன பிள்ளை, வந்துவிட்டான்.

அன்றிலிருந்து அந்த வீட்டில் சாயங்காலம் என்றால் அதுதான். அக்கா கடையில் கெஞ்சிக் கூத்தாடி வெளிச்சம் இருக்கும்போதே கிளம்பிவிடுவாள். வந்ததும் அந்த நீலச் சேலை. அவன் வருவான், முக்காலியில் உட்காருவான், அவள் முந்தானையைப் பிடித்துக்கொள்வான். இருட்டு கெட்டியானதும் அவள் போயிட்டு வா என்பாள். போவான். அந்த வார்த்தையை மாற்றி 'போ' என்று மட்டும் சொல்லிப் பார்க்கக் கூடாதா என்று டப்பாவைக் கேட்டேன். "உங்கம்மா வாயால உன்ன ஒரு நாள் போன்னு சொல்லச் சொல்லிப் பாரு" என்றான். அக்காவுக்கு நல்ல இடத்திலிருந்து வரன் வந்தது. மாப்பிள்ளைக்கு வெளியூரில் வேலை. "சாயங்காலத்துல நான் வீட்ல இருக்கணும்" என்று சொல்லித் தட்டிக்கழித்துவிட்டாள். அப்புறம் வரன் வருவதும் நின்றுபோயிற்று.

அம்மாவோடும் அவன் பழகிக்கொண்டான். பாட்டியாக. விடுகதை போடச் சொல்வான், காகிதக் கப்பல் செய்யச் சொல்வான். "பாட்டி, இன்னொண்ணு பாட்டி" என்பான். ஒரு நாள், ஒரே ஒரு நாள்கூட அம்மா என்று கூப்பிடவில்லை. அம்மா டப்பாவிடம் சொன்னாராம்: "பாட்டின்னாவது கூப்பிடுறானேடா. அது போதும் எனக்கு." சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாராம்.

வருஷங்கள் ஓடின. அவனுக்கு மட்டும் ஓடவில்லை. அக்காவுக்குக் கண்ணாடி வந்தது, கழுத்தில் சுருக்கம் வந்தது. முன்நெற்றி நரைக்கு அவள் மை தடவிக்கொண்டே இருந்தாள். சேலையும் இற்றுப்போய், இழை ஓட்டி ஓட்டிக் கட்டினாள்.

போன மழைக்காலத்தில் ஒரு நாள் வழக்கம்போல் வந்தான். உள்ளே வராமல் நிலைப்படியிலேயே அந்தச் சத்தம் நின்றது. வெகு நேரம் நின்றது.

"பாட்டி, அம்மா இன்னும் வரலையா?"

தன்னைத்தான் கேட்கிறான் என்று அம்மா வாயெடுத்தார். ஆனால் அவன் கேட்டது நிலைப்படிக்கு நேர் எதிரில் நின்ற அக்காவை.

அக்கா கண்ணாடியைக் கழற்றினாள். "நல்லா பாருடா கண்ணு" என்றாள். குரல் உடைந்துபோயிற்று. செருப்புச் சத்தம் நிலைப்படியை விட்டு நகரவில்லை. கடைசியில் அவளே, "வந்துருவாங்க... உக்காரு" என்றாள்.

முக்காலி கிரீச்சிட்டது. உட்கார்ந்தான்.

இருட்டானதும் அக்கா போயிட்டு வா என்றாள். அம்மாவும் சொன்னார். இரண்டு பேரும் மாறி மாறிக் கெஞ்சினார்கள்.

"அம்மா வந்து சொல்லட்டும். அப்பத்தான் போவேன்."

நேற்று சாயங்காலம் வேலை முடிந்து நானும் டப்பாவும் சேர்ந்துதான் கிளம்பினோம். வழியில் ஒரு கடையில் நின்று தரை துடைக்கிற துணி வாங்கினான். கட்டுக் கட்டாக. எதற்கடா இத்தனை என்றேன்.

முக்காலிக்கு அடியில் துடைக்கத் துடைக்கத் தண்ணீர் ஊறிக்கொண்டே இருக்கிறதாம்.