காலி ரவுண்டு

கவின்: ...பக்கத்துப் பட்டறையில அத்தனை மோட்டாரு பைக்கு நிக்குது. என்னோடதையும் எதுக்கு வரிசையில தள்ளி வெச்ச?

ரூபினி: ஒண்ணு கொறைஞ்சுது. நீ தூங்கிட்டிருந்த. தள்ளிட்டு வந்துட்டேன்.

கவின்: சொல்லிட்டு எடுக்கணும்லா அக்கா.

ரூபினி: உன்னை எழுப்புறதுக்குள்ள இன்னும் ரெண்டு நாயைப் பழக்கிரலாம்.

கவின்: சரி, சாவியக் குடு. நைட் ஷிப்டு. சிங்கப்பூர் பாலத்துல இப்பவே ஜாம் ஆரம்பிச்சிருக்கும்.

ரூபினி: ஒரே ஒரு ரவுண்டுடா. நம்ம நாய் கோப்பியப் பாக்க சார் இந்த உலு திராம் ஊரு வரைக்கும் வந்திருக்காரு. முடிஞ்சதும் எடுத்துக்கோ.

கவின்: சாரா?

கமலநாதன்: வணக்கம் தம்பி. என் பேரு கமலநாதன். மோப்ப நாயோடதான் நமக்கு வேலை.

கவின்: ஓ... வணக்கம் சார். கோப்பிய வாங்கப் போறீங்களா? நல்ல நாய்தான். என் செருப்பத்தான் விட்டு வெக்கல.

கமலநாதன்: செருப்பு போனா போவுது. மூக்கு எப்படின்னு பாக்கலாம்னு வந்தேன்.

ரூபினி: ரெண்டு பேரும் கொஞ்சம் பேசாம இருங்க. கோப்பி... தேடு. தேடுமா.

கவின்: சார், இது எதைத் தேடுதுன்னு தெரியும்ல?

கமலநாதன்: தெரியும். சியாபு.

கவின்: ஆமா. அந்தப் போதைத் தூளு வாடை மட்டும்தான் அக்கா இதுக்குப் பழக்கியிருக்கா. வாடை ஏத்துன துணிய டப்பாவுல போட்டு ஒளிச்சு வெப்பா. கண்டுபுடிச்சா கொரைக்காது, அப்படியே உக்காந்துரும். உடனே பந்து குடுக்கணும்.

ரூபினி: கவின், வாய மூடு... மொத வண்டி, ஒண்ணுமில்ல. அடுத்தது... அதுலயும் இல்ல. தேடுமா...

கவின்: வாலப் பாரு, என்னமா ஆடுது...

ரூபினி: ...உக்காந்துட்டா.

கவின்: எங்க?

ரூபினி: உன் வண்டிகிட்ட. சீட்டுக்குக் கீழ மூக்கைக் காட்டுறா.

கவின்: சரி... கண்டுபுடிச்சிருச்சு. கெட்டிக்காரி. உன் டப்பாவ எடுத்துக்கோ, நான் கெளம்புறேன்.

ரூபினி: நீயே எடுடா.

கவின்: வெச்சது நீ. நீ எடு.

ரூபினி: நான் வெக்கல.

கவின்: அப்ப சார் வெச்சாரா?

கமலநாதன்: நான் எந்த வண்டியிலயும் எதையும் வெக்கல தம்பி.

கவின்: என்ன வெளையாட்டு இது... பந்தையாச்சும் குடு. பாவம், உன் மூஞ்சியவே பாக்குது.

ரூபினி: காலி ரவுண்டுல பந்து கெடையாது.

கவின்: என்னது?

ரூபினி: காலி ரவுண்டு. ஒண்ணும் ஒளிச்சு வெக்காம தேட விடுறது. எப்பவும் ஏதாச்சும் ஒளிச்சு வெச்சா, எங்கயாவது உக்காந்தா பந்து கெடைக்கும்னு நாய் நெனைச்சுரும். அதனால இடையிடையில காலியா விடுவோம். காலின்னா காலின்னு சொல்லத் தெரியணும் அதுக்கு.

கவின்: இன்னைக்குக் காலி ரவுண்டா?

ரூபினி: ஆமா.

கவின்: அப்ப... தப்பா உக்காந்துருச்சு. பெயிலு. சார், வாங்காதீங்க.

கமலநாதன்: கூப்ட்டுப் பாருங்கம்மா. சும்மா உக்காந்திருந்தா எந்திரிச்சு வந்துரும்.

ரூபினி: கோப்பி, வா... இங்க வா... பாத்தியா, நகர மாட்டேங்குறா.

கவின்: உன் கையில ஒட்டுன வாடையா இருக்கும். வண்டியத் தள்ளுனது நீதானே.

ரூபினி: கையுறை இல்லாம என்னைக்காவது அந்தத் துணியத் தொட்டிருக்கேனா?

கவின்: அந்தப் பக்கம் பார்க்கிங்ல எத்தனையோ வண்டி நிக்குது. எவன் வண்டியிலேர்ந்தாச்சும் ஒட்டியிருக்கும்.

ரூபினி: காலையில சோப்பு போட்டுக் கழுவிட்டேன்.

கவின்: ...என் வண்டியவா?

ரூபினி: அழுக்கா இருந்துச்சு.

கவின்: நான் சாப்ட்ட தட்டக்கூட நீ கழுவுனதில்ல.

ரூபினி: சீட்டத் தொறடா.

கவின்: டைம் ஆச்சு கா.

ரூபினி: இந்தா சாவி.

கவின்: வெளியாள் முன்னாடி எதுக்கு இதெல்லாம்...

கமலநாதன்: நான் வேணும்னா வாசல்கிட்ட நிக்கிறேன்.

ரூபினி: வேணாம் சார், இங்கயே நில்லுங்க. கவின்... அந்தப் பக்கம் கஸ்டம்ஸ் சோதனையிலயும் நாய் நிக்கும். அது உன் வண்டிகிட்ட உக்காந்தா என்ன ஆகும்னு உனக்கே தெரியும். சிங்கப்பூர்ல அதுக்குத் தூக்குக் கயிறுதான்.

கவின்: வாயக் கழுவு மொதல்ல.

ரூபினி: எனக்குப் பயமா இருக்குடா. மடியில கனமில்லன்னா வழியில என்ன பயம், தொறந்து காட்டேன். ஒண்ணுமில்லன்னா இந்த வேலையையே விட்டுர்றேன். கோப்பி செருப்பத் தின்னுகிட்டு வீட்டோட கெடக்கட்டும்.

கவின்: மழைக்கோட்டு இருக்கு. ஸ்பானர் இருக்கு. வேற ஒண்ணுமில்ல.

ரூபினி: தொற.

கவின்: தொறக்குறேன்லா... இந்தச் சாவி வேற சிக்கிக்குது...

ரூபினி: மெதுவா... ஆங், தொறந்துருச்சு. என்ன இருக்கு?

கவின்: மழைக்கோட்டு... ஸ்பானர்...

ரூபினி: அப்புறம்?

கவின்: அக்கா... எங்க அது?

ரூபினி: எதுடா? மழைக்கோட்டும் ஸ்பானரும்தான்னு சொன்ன. ரெண்டும் இருக்குல்ல?

கவின்: அக்கா, அது என்னோடது இல்ல. இன்னைக்கு ஒருத்தர்கிட்ட குடுக்கணும். எங்க வெச்ச?

ரூபினி: என்னன்னு சொல்லு மொதல்ல.

கவின்: பொட்டலம். கறுப்பு பிளாஸ்டிக் சுத்துனது. ரூபேந்திரன் குடுத்தான்.

ரூபினி: யாரு, உனக்கு பேக்டரியில வேலை எடுத்துக் குடுத்தவனா?

கவின்: அவன்தான். சிகரெட்டுன்னான். அந்தப் பக்கம் வெலை ஜாஸ்திலா, கூட்டாளிங்களுக்குன்னு கேட்டான். மாட்டுனா ஃபைன் போடுவாங்க, அவ்வளவுதான்னான். வேலை எடுத்துக் குடுத்தவன்கிட்ட எப்படி முடியாதுன்னு சொல்றது?

ரூபினி: பிரிச்சுப் பாத்தியா?

கவின்: டேப்பு போட்டு ஒட்டியிருந்துச்சு. அடுத்தவன் பொருள நான் எதுக்குப் பிரிக்கணும்? சிகரெட்டுதான் கா. அம்மா மேல சத்தியமா.

ரூபினி: கோப்பி... இந்தா, பந்து. நல்ல பிள்ளை.

கவின்: இப்ப எதுக்கு அதுக்குப் பந்து குடுக்குற?

ரூபினி: அவ சரியாத்தான் சொன்னா.

கவின்: சிகரெட்டுன்னு சொல்றேன்ல...

ரூபினி: சிகரெட்டு வாடைய நான் அவளுக்குச் சொல்லியே குடுக்கல. பட்டறைக்காரரு நாள் முழுக்க ஊதித் தள்ளுறாரு. அவரு வண்டியத் தாண்டித்தான் உன் வண்டிக்கு வந்தா. திரும்பிக்கூடப் பாக்கல. பொட்டலம் இல்லாமப் போனாலும் அதோட வாடை சீட்டுக்கு அடியில கெடக்கு. சோப்பு போட்டும் போகல.

கவின்: அலமாக்... ஐயோ அக்கா...

கமலநாதன்: இதான் மொத தடவையா தம்பி?

கவின்: ...இல்ல.

ரூபினி: கவின்...

கவின்: தீபாவளிக்கு முன்ன ஒரு தடவை. கஸ்டம்ஸ்ல நின்ன ஆபீசரு தமிழாளு. 'என்ன தம்பி, சாப்ட்டாச்சா'ன்னு கேட்டாரு. நான் சிரிச்சுக்கிட்டே போனேன்கா. அந்தச் சீட்டு மேலதான் உக்காந்திருந்தேன்...

ரூபினி: உக்காரு. கீழயே உக்காரு. இந்தா, தண்ணி குடி.

கவின்: தெரியாதுகா எனக்கு. நெஜமா தெரியாது.

ரூபினி: உனக்குத் தெரியாதுன்னு எனக்குத் தெரியும்.

கவின்: நம்புறியா?

ரூபினி: தெரிஞ்சிருந்தா எங்கன்னு கேட்டிருக்க மாட்ட. சாவியப் புடுங்கிக்கிட்டு ஓடியிருப்ப.

கமலநாதன்: அங்க யாருகிட்ட குடுக்கச் சொன்னான்?

கவின்: சிங்கப்பூர் ஊட்லண்ட்ஸ்ல ஒரு காப்பிக்கடை. ஒரு சீனன் வருவான், பேரு தெரியாது. நான் போய்ச் சேந்ததும் ரூபேந்திரன் போன் அடிச்சு, எந்த மேசைன்னு சொல்லுவான்.

கமலநாதன்: இப்ப ரூபேந்திரன் எங்க இருப்பான்?

கவின்: மாசாய்ல ரூம்பு. ஷிப்டு நேரம் வரைக்கும் தூங்குவான்... சார், நீங்க எதுக்கு இதெல்லாம் கேக்குறீங்க? அக்கா, அதைத் தூக்கி ஆத்துல போட்டுட்டியா? போட்டிருந்தா நல்லதுதான். ரூபேந்திரன் கேட்டா எதையாச்சும் சொல்லிச் சமாளிக்கிறேன். வேலைக்கு இனிமே போகல. மூவாருக்குச் சின்னம்மா வீட்டுக்குப் போயிர்றேன், அங்க நாற்காலி செய்ற கம்பெனி எதுலயாவது சேந்துக்குறேன். யாருக்கும் தெரிய வேணாம். உனக்கும் எனக்கும்... சாருக்கும். சொல்ல மாட்டீங்கல்ல சார்?

கமலநாதன்: நீங்களே சொல்லிருங்கம்மா.

கவின்: என்னத்தச் சொல்லணும்?

ரூபினி: நேத்து சாயங்காலம் நீ குளிக்கப் போயிருந்த. கோப்பி தானா வந்து உன் வண்டிகிட்ட உக்காந்தா. மூணு தடவை இழுத்துட்டுப் போனேன், மூணு தடவையும் திரும்பி வந்தா. வீட்டுல இருந்த இன்னொரு சாவி போட்டுத் தொறந்தேன்.

கவின்: நேத்தேவா?

ரூபினி: ராவு முழுக்க உன் ரூம்பு கதவப் பாத்துக்கிட்டே உக்காந்திருந்தேன். பொட்டலம் இப்ப சார் கார்ல இருக்கு.

கவின்: அவரு கார்ல எதுக்கு... அக்கா, யாரு இவரு?

கமலநாதன்: போதைப்பொருள் பிரிவு போலீஸ், தம்பி. யாரு குடுத்தாங்கன்னு நீங்களே வாயத் தொறந்து சொல்லணும்னு அக்காகிட்ட சொல்லியிருந்தேன். சொல்லிட்டீங்க. உங்களைச் சாட்சியா எடுத்துக்கச் சொல்லி மேலிடத்துல கேட்டுப் பாக்குறேன். அதுக்கு மேல என்னால வாக்குக் குடுக்க முடியாது.

கவின்: இந்த ரவுண்டு... கோப்பிக்கு இல்லையா?

ரூபினி: உனக்குடா.

கவின்: கூடப் பொறந்தவள்கா நீ. என்னைப் புடிச்சுக் குடுத்துட்டியா?

ரூபினி: ஆமாடா, குடுத்துட்டேன். இங்க உள்ள வெச்சாங்கன்னா நான் வந்து உன்னைப் பாக்கலாம். நீ இன்னைக்குப் பாலம் தாண்டியிருந்தா, உன் உடம்ப வாங்கிட்டுப் போகத்தான் என்னைக் கூப்ட்டிருப்பாங்க.