எங்க ஊர்ல மூணே பேரு

மூணா? நல்லா பாரும்மா, உன் பொட்டிக் கண்ணாடி மேல வெய்யில் அடிக்குது. ஊரு தோணிரேவுதான? அப்போ சரி, மூணுதான். நூத்தி எம்பது வூட்ல ஊனம்னு மூணே பேரு. எனக்கு சிரிப்பு வருது, தப்பா எடுத்துக்காத. இப்டி ஒக்காரு, காஞ்ச வலைதான், சேலைல ஒண்ணும் ஒட்டாது. கணக்கெடுக்க வூடு வூடா அப்பால போலாம், யாரு ஓடிடப் போறாங்க.

எம் பேரு பூவிழி. நாப்பத்தி மூணு வயசு. ஏரில எறா தடவுறேன். வலை கிலை இல்ல, வெறுங்கைதான். பாத்ததில்லையா? தண்ணிக்குள்ள முட்டி போட்டு தவழ்ந்துகினே போவோம். ஓலக் கூட ஒண்ணு, பறின்னுவோம், கூடவே மெதந்துகினு வரும், அதோட கயிற பல்லால கடிச்சுக்கணும். ரெண்டு கையாலயும் சேத்த தடவணும், தட்டுப்பட்டா அமுக்கிப் புடிச்சு பறில போடணும். ஆம்பள, பொம்பள எல்லாரும் அப்டிதான். அங்க எவனும் நிக்கமாட்டான், அதனால எவன் காலு எப்டின்னு எவனும் பாக்கறதில்ல.

உனக்கு மூணு எப்டி வந்துச்சுன்னு சொல்றேன் கேளு. அஞ்சு வருசம் முன்னாடி ஒருத்தர் கணக்கெடுக்க வந்தாரு. உன்ன மாரி பொட்டி இல்ல, பேப்பருதான். வாசல்ல நின்னுகினு கேக்கறாரு, வேல செய்ய முடியாதவங்க யார்னா கீறாங்களான்னு. எங்காளுங்களுக்கு வேலன்னா தண்ணிதான். தண்ணில எறங்கிட்டா நல்லாருக்கறவன், பாயில கெடந்தாத்தான் ஊனம். எதிர் வூட்டு ராஜம்மா மவன் சுரேஷுக்குப் பேச்சு வராது, காதும் கேக்காது. அவங்கம்மா இன்னா சொல்லுச்சு தெரியுமா? எம் பையனுக்கு இன்னா கொற, பொழுதுக்கும் நண்டு புடிக்கறான்னு. அவரும் இல்லன்னு எழுதிகினு பூட்டாரு. ராஜம்மா பொய் சொல்லல, அதுக்குத் தெரிஞ்ச நெசத்தத்தான் சொல்லுச்சு.

அந்த மூணு பேரா? பாயில கெடந்தவங்க. ரெண்டு பேரு எப்பவோ செத்துட்டாங்க. உன் பொட்டிலதான் இன்னும் உசுரோட கீறாங்க.

பாத்துட்டியா? ஆமா, எடது காலு. அஞ்சு வயசுல ஜுரம் வந்து சூம்பிப் போச்சு. தொடைல கைய ஊனிகினுதான் நடப்பேன். இல்ல, அந்த மூணுல நான் இல்ல. தள்ளித் தள்ளிப் பாக்காத, இல்ல.

நைனா போனப்பறம் எனக்கு எல்லாம் எங்கண்ணன்தான், சின்னப்பன். அந்த பேப்பர்க்காரரு வந்த அன்னிக்கு நான் கரையோரமா தடவிகினு கீறேன். அண்ணன் கைய நீட்டி சொல்றாரு, அதோ பாருங்க சார் என் தங்கச்சி, இந்த ஊர்லயே அவதான் நெறைய எறா புடிப்பா, அவளுக்கு ஒண்ணும் இல்லன்னு. எங்காதுல வுழுந்துச்சு. எவ்ளோ சந்தோசமா இருந்துச்சு தெரியுமா? வெளியாளுகிட்ட என்னப் பத்தி ஒரு நல்ல வார்த்த அவரு சொன்னதே இல்ல. வாயில கயிறு இல்லன்னா சிரிச்சிருப்பேன்.

அப்பால இல்ல புரிஞ்சுது. அதே வாரம் அவரு பொண்ணு வெண்ணிலாவ பொண்ணு பாக்க வராங்க, தடா தாண்டி ஆந்திராப் பக்கம் ஒரு குப்பத்துலேந்து. அவங்க வர்ற அன்னிக்கு காலீல அண்ணன் சொன்னாரு, பூவிழி, நீ ஏரிக்குப் போயிடு, அவங்க கெளம்பறவரைக்கும் எழுந்து வராதன்னு. அத்தைக்கு காலு இப்டின்னு பாத்தா பரம்பரைன்னு பேசுவாங்களாம். ஜுரத்துல போன காலு பரம்பரையாம். நானும் போனேனே. பொழுது சாயறவரைக்கும் தண்ணிலயே கெடந்தேன், வெரலெல்லாம் வெளுத்து ஊறிப் போச்சு. மாப்ள வூட்டுப் பொம்பள ஒருத்தி கரைலேந்து என்னக் காட்டி யாருன்னு கேட்டிருக்கா. யாரோ ஊர்க்காரப் பொம்பளன்னு பதில் வந்துச்சு. அண்ணன் சொல்லலம்மா. வெண்ணிலா சொன்னா.

அவள வளத்தது நான். அவங்கம்மா சீக்காளி, ஆறு மாசக் கொழந்தைலேந்து எங்கிட்டதான் கெடந்தா. ஊரே என்ன இல்லன்னு சொல்லிருந்தாலும் தாங்கிருப்பேன். அவ சொன்னது இன்னும் ஆறல, ஆறவும் ஆறாது.

அப்பறம் தெரியாமயா இருக்கும்? தாலி ஏறனப்பறம் தெரிஞ்சா இன்னா பண்ணுவாங்க? எங் காலு படகுல அடிபட்டுதுன்னு சொல்லி வெச்சிருக்காங்க.

உங்கிட்ட ஒண்ணு கேக்கணும். போன வருசம் பொன்னேரில ஒரு ஆபீஸ்ல கேட்டேன், புள்ளைங்களுக்குக் கை கால் பயிற்சி குடுக்கற வண்டி எங்க ஊருக்கு ஏன் வரதில்லன்னு. உங்க ஊர்ல மூணு பேருதான்மா, அதுல கொழந்தையே இல்ல, எதுக்கு வரணும்னு கேட்டாங்க. பேரு ஏறுனா வருமா? நெசமாவா? சரி.

எங்க வூட்லயா? நானு, அண்ணன். வெண்ணிலா வந்து ஒரு மாசம் ஆவுது, கொழந்தையோட. பொண்ணு, சத்யா. ரெண்டற வயசு. கழுத்து நின்னதே இப்பத்தான். தூக்கிப் புடிச்சா காலு ரெண்டும் கத்திரிக்கோல் மாரி பின்னிக்கும். ஆனா எல்லாம் புரியுது அவளுக்கு. என் வெரலப் புடிச்சா வுடமாட்டா. மாப்ளயோட தம்பிக்குப் பொண்ணு பாக்கறாங்களாம், அது முடியறவரைக்கும் கொழந்த அங்க இருக்கக்கூடாதுன்னு அனுப்பிட்டாங்க. இவளும் சரின்னு வந்துட்டா.

இப்போ வூட்ல இருக்காதும்மா. அங்க பாரு, நீலக் கலர் படகு. முக்காடு போட்டுகினு ஒக்காந்திருக்கா பாரு, அவதான் வெண்ணிலா. முந்தானைக்குள்ள கீறது கொழந்த. இஞ்சின் கயித்த இழுத்து இழுத்துப் பாத்துகினு கீறாரே, அது எங்கண்ணன். நீ வரப்போறன்னு நேத்தே வாட்சப்புல வந்துருச்சு. நீ எழுதி முடிச்சுட்டுப் போறவரைக்கும் பழவேற்காட்டுல வெச்சிருக்கப் போறாங்க. எனக்கு எப்டித் தெரியும்னா, படகு கெளம்பறவரைக்கும் உன்ன ஒக்கார வெச்சு பேசிகினே இருன்னு என்னத்தான் அனுப்புனாங்க. உனக்கு இன்னா அத்தை, வாயி நல்லா பேசும்னு சொன்னா வெண்ணிலா.

பதறாத. மொதல்ல எம் பேர எழுது. பூவிழி, எடது காலு. எழுதிட்டியா? காட்டு. ம். அடுத்தது சத்யா, ஆனா அவள நேர்ல பாத்து எழுது. செருப்பக் கழட்டிக்கோ, அந்தப் பக்கம் சேறு. மெதுவாவே போலாம், என்னால உன்ன மாரி ஓட முடியாது. படகு எங்கயும் போவாது. தள்ற கோல காலீலயே ஒளிச்சு வெச்சுட்டேன். இஞ்சினுக்கு டீசல் போற ட்யூப்பு என் மடில கீது.