ராக்காயி சிரித்த படம்

ஊரார் முகங்களையெல்லாம் ஓரிடத்தில் சேர்த்துவைக்க ஆசைப்பட்ட அரிமளம் வாசகர் வட்டத்தின் தலைவரே, இந்த அவைக்கும் தலைமை ஏற்றிருக்கும் என் பெருமதிப்பிற்குரிய முகம்மது கனி அவர்களே! முன்வரிசையை அணிசெய்யும் மூத்தோரே! அடுப்பை அணைத்துவிட்டு அவசர அவசரமாக வந்திருக்கும் தாய்மார்களே! நாற்காலி காலியாக இருந்தும் நின்றபடியே கேட்பேன் என்று அடம்பிடிக்கும் நண்பர்களே! தமிழாசிரியன் ஆவுடையப்பனின் வணக்கம்.

விழா என்றார்கள், வந்தேன். வாழ்த்திப் பேசுங்கள் என்றார்கள், வார்த்தை வரவில்லை. இன்று நாம் துவக்கும் இணையப் படக்கூடம் இரண்டாவது கூடம். முதல் கூடம் எப்படி அழிந்தது என்று சொல்லாமல் இதைத் திறந்துவைப்பது முறையாகுமா?

போன வருடம் நம் தலைவர் கேட்டார். "நம்ம வீட்டுப் படத்தையெல்லாம் எங்கிட்டோ இருக்க கம்பெனிக்காரன் ஏன் வச்சுக்கிடணும்? எடம் நெறஞ்சிருச்சுன்னு தெனமும் நம்மளயே வெரட்டுறான்!" நியாயமான கேள்வி. ஜெராக்ஸ் கடை நடத்தும் உமைர், "நான் செய்றேங்க" என்று முன்வந்தார். வட்டத்தின் பெயரில் சிறியதாக ஒரு சர்வரை வாடகைக்கு எடுத்தார்.

என்ன கேட்கிறீர்கள் அங்கே? ஓட்டல் சர்வரா? சிரியுங்கள், சிரியுங்கள்! அவரும் கேட்டதைக் கொண்டுவந்து வைப்பவர், இதுவும் கேட்டதைக் கொண்டுவந்து வைக்கும். எங்கோ அணையாமல் ஓடும் ஒரு கணினி, நாம் கேட்ட படத்தை நம் கைபேசிக்கு அனுப்பும். அவ்வளவுதான்.

அதில் படங்களை அடுக்கிக் காட்டும் மென்பொருளை உமைர் தாமே நிறுவினார். பார்த்துப் படித்து, தட்டித் திருத்தி, தடுமாறி நிமிர்ந்து நிறுவினார். ஒரு நாள் திரையில் ஊரே மலர்ந்தது. திருவிழாக் கூட்டம், நிக்காஹ் பந்தல், பள்ளி ஆண்டுவிழா! நாம் கைதட்டவில்லையா? நான் தட்டினேன்.

அந்த வாரம் நல்லதம்பி அண்ணனின் மகள் இலக்கியா கடைக்கு வந்தார். அவருடைய தாயார் ராக்காயி அப்போதுதான் தவறியிருந்தார். கேமராவைக் கண்டாலே உதட்டை இறுக்கிக்கொள்ளும் அம்மையார் அவர். மகள் கல்யாண ஆல்பம் முழுக்க அதே இறுகிய முகம். அவர் சிரித்த படம் ஒன்றே ஒன்று. பம்புசெட்டில் தண்ணீர் மேலே தெறித்த நொடியில், இலக்கியா தன் போனில் பிடித்தது.

உமைர் அதை ஏற்றினார். "ஏறிருச்சு இலக்கியா. போன்ல எடமில்லன்னியே, இனி அங்க இருக்கத அழிச்சுக்க."

இலக்கியா அழித்தார்.

ஒவ்வொரு படத்துக்கும் அந்த மென்பொருள் ஒரு சிறு நகல் செய்துகொள்ளும். நாம் திரையில் வரிசையாகப் பார்ப்பது அந்த நகலை. நகல்களுக்கு நிலையான இடம் குறித்த உமைர், மூலப்படங்களுக்கு மட்டும் தவறுதலாகத் தற்காலிக இடத்தைக் குறித்துவிட்டார். ஒரே ஒரு வரிப் பிழை! மென்பொருளின் புதிய பதிப்பை ஏற்ற சர்வரை நிறுத்தித் துவக்கியபோது, தற்காலிக இடம் துடைக்கப்பட்டது. மூலங்கள் மறைந்தன. சிறு நகல்கள் மட்டும் எஞ்சின. படம் தெரிகிறதே, தெரிகிறதே என்று நம்பியிருந்தோம். தெரிவதெல்லாம் இருப்பதாகுமா?

தெரியாமலேயே மாதங்கள் போயின. தலைத் திவசத்துக்கு மாலை போட, நல்லதம்பி அண்ணன் கடைக்கு வந்தார். "மாப்ள, ஒங்க அத்த படத்தப் பெருசாப் போட்டுக் குடு. செவத்துல மாட்டணும்."

உமைர் திறந்தார். தபால்தலை அளவில் ஒரு முகம். பெரிதாக்கினார். கட்டம் கட்டமாகச் சிதறியது. சிரிப்பு எங்கே? கண் எங்கே? அழித்த படத்தை மீட்க முடியுமா என்று மறுநாளே இலக்கியாவின் போனை எடுத்துக்கொண்டு புதுக்கோட்டைக்கு ஓடினார். பழுது பார்ப்பவர்கள் பார்த்துப் பார்த்துக் கைவிரித்தார்கள்.

திரும்பி வந்து அண்ணன் முன்னால் நின்றார். "என்னால போச்சு மாமா."

அண்ணன் சொன்னார். "ஒன்னய என்னத்தச் சொல்றது. கூட இருந்த காலத்துல அவளச் சிரிக்க வச்சு ஒரு படம் எடுக்கணும்னு எனக்குத் தோணலியேப்பா."

தாய்மார்களே, உமைர் ஓடி ஒளியவில்லை. படம் கொடுத்தவர் வீட்டுக்கெல்லாம் நடந்துபோய்த் தம் வாயால் சொன்னார். ஏசியவர்கள் உண்டு. கதவைச் சாத்தியவர்கள் உண்டு. போனில் வைத்திருந்தவர்கள் மறுபடி தந்தார்கள். இலக்கியா மட்டும் இன்றுவரை அவருடன் பேசவில்லை. அந்தக் கோபத்தைத் தவறென்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இந்தப் புதிய கூடத்தில் மூலத்துக்கு நிலையான இடம் உண்டு. நம் நூலகத்தில் ஒரு நகல், தலைவர் வீட்டில் ஒரு நகல் உண்டு. ஏற்றிய படத்தை முழு அளவில் திறந்து, கொடுத்தவர் கண்ணில் காட்டிய பிறகுதான் உமைர் அடுத்த படத்தைத் தொடுகிறார். "அழிச்சுக்க" என்ற சொல்லை அவர் இப்போது யாரிடமும் சொல்வதில்லை. நாம் நேசிப்பவரின் முகத்தை ஓர் இடத்தை நம்பி விடலாமா? ஒரு கருவியை நம்பி விடலாமா? ஒரு "ஏறிருச்சு" என்ற சொல்லை நம்பி விடலாமா?

முதல் படம் எதுவென்று நேற்று கேட்டோம். "அந்தச் சின்னப் படமே இருக்கட்டும்" என்றார் நல்லதம்பி அண்ணன்.

இப்போது அது இந்த வெள்ளைத் திரையின் நடுவே, சிறு புள்ளியாகத் தோன்றும். பெரிதாக்கச் சொல்லி யாரும் குரல் கொடுக்காதீர்கள். பெரிதாக்கினால் சிரிப்பு போய்விடும். பார்க்க விரும்புகிறவர்கள் எழுந்து, கிட்டே வாருங்கள்.

பொறுமையாகக் கேட்ட உங்கள் அனைவருக்கும் என் நன்றியும் வணக்கமும்.

உமைர், போடுங்கள்.