வாசலில் நிற்கும் வரிசை

— கதவத் திறக்கமாட்டேன். சொல்றத அந்தக் கடுதாசி போடுற ஓட்டை வழியாச் சொல்லு. யாரு நீ?

— லோர்னா. ஐனோ மக. ஆஸ்பத்திரி சமையக்கட்டுச் சங்கம்.

— ஏம்மா, ஊர்ல எத்தன வாசல் இருக்கு. மறியலுக்கு என் ஆபீஸ்தான் கெடச்சுதா?

— எங்க ஸ்ட்ரைக்க ஒடைக்கச் சட்டம் கொண்டுவர்றது உங்க ஆளுங்கதான, ஆல்டோ அங்கிள். ஆறு மணிக்கு வந்து நின்னோம். அதுக்கு முன்னாடியே நீங்க உள்ள போயிருப்பீங்கன்னு யாரு கண்டா?

— இருபத்தாறு வருசம் இரும்பாலை உலையில காலை ஷிப்ட் பாத்த ஒடம்பு. எம்.எல்.ஏ. ஆகி ஒம்போது வருசமாச்சு, இன்னும் நாலரைக்கு முழிப்புத் தட்டிருது.

— அதான் வசமா மாட்டிக்கிட்டீங்க.

— வெளையாடாத லோர்னா. ரெண்டு மணிக்கு டொரான்டோ சட்டசபையில ஓட்டெடுப்பு. இப்பக் கெளம்பினாத்தான் விமானத்தப் புடிக்கலாம். நான் போகாட்டி ஒரே ஓட்டுல ஆட்சி கவுந்துரும். நம்ம ஆலைக்கு வர்ற புது உலையும் அதோட போச்சு. ஆயிரம் பேரு வேலை.

— அப்பப் போங்க. யாரு கையப் புடிச்சா?

— மறியல் வரிசையத் தாண்டச் சொல்றியா? என்னைய?

— வெளிய வர்றதுமா தாண்டுறது?

— எந்தப் பக்கத்துலேர்ந்து காலு வச்சாலும் தாண்டுறதுதான். ஆலைச் சங்கத்துல நாங்க போட்ட விதி அது.

— அந்த ஜன்னல் திரையக் கொஞ்சம் வெலக்கித்தான் பாருங்களேன்.

— மாட்டேன். காலையில ஒரு தடவ பாத்தேன், போதும். நாப்பது பேரு. பாதிப்பேரு என் கூட வேலை பாத்தவன் பிள்ளைங்க. அந்த மூஞ்சிங்கள மறுபடி பாக்க எனக்குத் தெம்பில்ல.

— அங்கிள், நான் சொல்ல வந்தது...

— தெரியும். உங்கப்பன் கதையத்தான சொல்ல வந்த.

— அதில்ல. ஆனா நீங்களே எடுத்துட்டீங்க. ஆலைச் சுவத்துல கருங்காலின்னு அவரு பேரப் பெயிண்டுல எழுதினது நீங்கதான?

— நான்தான்.

— அந்த ஸ்ட்ரைக்குல ரெண்டே நாள் வேலைக்குப் போனாரு. அதுக்கப்புறம் பதினேழு வருசம் ஒருத்தரும் அவரோட பேசல. கான்டீன்ல தனியா உக்காந்து தின்னாரு. சாவுக்கு ஆறு பேரு வந்தாங்க. நான் மூச்சு விட முடியாமக் கெடந்தேன், எனக்கு மருந்து வாங்கத்தான் போனாருன்னு ஒங்களுக்குத் தெரியாது. தெரிஞ்சிருந்தா எழுதியிருக்க மாட்டீங்கன்னு அம்மாகிட்ட எத்தனையோ தடவ சொல்லியிருக்கேன்.

— தெரியும்மா.

— இப்பவா?

— அப்பவே. எழுதுறதுக்கு மொத நாளு உங்கம்மா வந்து அழுதா. ஒருத்தனுக்கு வழி விட்டா வரிசையே போயிரும்னு சொல்லி அனுப்பிட்டேன். உங்கிட்ட சொல்ல இத்தன வருசம் வாய் வரல. லோர்னா? இருக்கியா?

— இருக்கேன்.

— ஏதாச்சும் சொல்லேன். திட்டவாவது செய்.

— திட்டி இனிமே என்ன ஆகப்போகுது.

— பேசிப் பேசியே நேரம் போச்சு. தலைக்கு மேல சத்தம் கேக்குதா? விமானம் போயிருச்சு. என் பொழப்பும் முடிஞ்சுது. போய் வரிசையில சொல்லிரு, ஆல்டோ தாண்டலன்னு. பாவம், மழையில நிக்கிறாங்க, காப்பியாச்சும் குடிச்சாங்களா?

— எட்டரைக்கே எல்லாரும் சங்கக் கட்டடத்துக்குப் போயாச்சு அங்கிள். வாசல்ல ஆளில்ல, கெளம்புங்கன்னு சொல்லத்தான் கதவத் தட்டினேன். நீங்க அப்பவே தெரியும்னதும், எனக்குச் சொல்லத் தோணல.